சேறு எவ்வளவு உயர்கிறது? அலையாத்திக் காடுகளும் ஏறிவரும் கடலும்

உலகின் பல அலையாத்திக் காடுகளில், மரங்களுக்கு நடுவே ஒரு எஃகுக் கம்பி சேற்றிலிருந்து தலைகாட்டிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது கொஞ்சம்தான். கீழே, இனி அடித்தாலும் இறங்காது என்கிற ஆழம் வரை, பல மீட்டருக்கு அதை இறக்கியிருப்பார்கள். ஆய்வாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து, அந்தக் கம்பியின் தலையில் கிடைமட்டமாக ஒரு கையைப் பூட்டி, அதிலிருந்து ஒன்பது மெல்லிய குச்சிகளைச் சேற்றைத் தொடும் வரை பதமாக இறக்குவார்கள். சேற்றை மிதித்து அமுக்கிவிடக் கூடாது என்பதால் பலகை மேல் நின்றுதான் இந்த வேலை. ஒவ்வொரு குச்சியும் கைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். கம்பி அசையாது, சேறு அசையும். போன முறை எடுத்த அளவையும் இந்த முறை எடுத்த அளவையும் ஒப்பிட்டால், காட்டின் தரை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடல்மட்டம் உயர்கிறது என்றதும் நம் மனதில் வருவது எளிமையான ஒரு காட்சி: தண்ணீர் ஏறுகிறது, கரையில் இருப்பதெல்லாம் மூழ்குகிறது. வீட்டுக்கும் சாலைக்கும் அது சரி. அலையாத்திக் காட்டுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அது தான் நிற்கும் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளத் தெரிந்த காடு. கடல் எவ்வளவு உயர்கிறது என்று கேட்டால் பாதிக் கேள்விதான் ஆயிற்று. அதே காலத்தில் சேறு எவ்வளவு உயர்ந்தது என்பது மீதிப் பாதி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்தான் காட்டின் கதி புரியும். இந்தக் கழித்தல் கணக்கில் மனிதர்கள் எங்கெங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று பேசாமல், பழியை முழுக்கக் கடல்மேல் போட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அலையாத்தி மரங்கள் வாழும் இடம் மிகக் குறுகிய பட்டை. சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டித் தொடங்கி, மிக உயர்ந்த ஓதம், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீர், வந்து தொடும் இடத்தில் முடிந்துவிடும். ஓதத்தின் ஏற்ற இறக்கம் மொத்தமே அரை மீட்டர்தான் என்றால், மரங்களுக்குக் கிடைக்கும் உயரம் ஒரு சாண் அளவுக்குத்தான் இருக்கும். அதற்குக் கீழே போனால் மூச்சு முட்டும். மூச்சு என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். இந்தச் சேற்றின் மேல்தோலைத் தாண்டினால் ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. அதனால்தான் வெண்கண்டல் மரம் பென்சில் நட்டுவைத்ததுபோல் ஆயிரக்கணக்கான வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. சுரபுன்னை தன் தண்டிலிருந்தே முட்டு வேர்களை இறக்கி அவற்றின்மேல் ஏறி நிற்கிறது. தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் இந்த வேர்களின் தோலில் உள்ள துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, பஞ்சுபோன்ற திசுக்கள் வழியாக அடி வேர் வரை இறங்கும். கடல்மட்டம் சில சென்டிமீட்டர் கூடினால், வேர் மூழ்கிக் கிடக்கும் நேரம் கூடுகிறது. காற்று வாங்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது.

சரி, தரை எப்படி உயர்கிறது?

ஒரு வழி, வெளியிலிருந்து வரும் சேறு. ஓதம் ஏறும்போது கலங்கிய நீர் காட்டுக்குள் வருகிறது. வேர்க்கூட்டத்துக்குள் நுழைந்ததும் அதன் வேகம் அடங்கிவிடுகிறது. வேகம் அடங்கிய நீரால் வண்டலைச் சுமக்க முடியாது, இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் வந்ததாகச் சொல்வோம். 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கரையில் வாழும் மனிதர்களைக் காக்கும் அந்தக் குணமேதான் காட்டின் தரையையும் வளர்க்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

இன்னொரு வழி, காடு உள்ளேயிருந்து செய்வது. பெலிஸ் நாட்டுக் கரைக்கு அப்பால், பவளப்பாறைத் தொடருக்கு அருகில், ட்வின் கேஸ் என்ற சின்னஞ்சிறு தீவுகள் இருக்கின்றன. அங்கே ஆறு கிடையாது. வண்டல் கொண்டுவர யாரும் இல்லை. ஆனாலும் மரங்களுக்குக் கீழே துளையிட்டுப் பார்த்தபோது, சில இடங்களில் 10 மீட்டர் ஆழம் வரை மக்காத வேர்களாலான மண் வந்துகொண்டே இருந்தது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் செத்த வேர் எளிதில் மக்காது. அதன் மேல் புது வேர், அதன் மேல் இன்னொன்று. இப்படி ஏறத்தாழ 8,000 ஆண்டுகளாக, கடல் ஏற ஏற, அந்தக் காடு தன் வேர்களையே படிக்கட்டாக்கி மேலே வந்திருக்கிறது. இந்த வேர்மண்ணை பீட் என்பார்கள். ட்வின் கேஸ் முழுவதும் அப்படிப்பட்ட பீட் மேடுதான். மரம் நன்றாக வளர்ந்தால் தரை உயரும், தரை உயர்ந்தால் மரம் நன்றாக வளரும். இந்தச் சுழற்சி எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். அதைப் பிறகு பார்ப்போம்.

வரவு இருந்தால் செலவும் உண்டு. மேலே ஒரு அடுக்கு சேரும்போது கீழே உள்ள அடுக்குகள் அமுங்குகின்றன, வேர்கள் மக்குகின்றன. அதனால்தான் கம்பியும் குச்சியும் தேவைப்படுகின்றன. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் வெள்ளைப் பொடியைச் சேற்றின்மேல் தூவி வைத்து, சில ஆண்டுகள் கழித்து அதன்மேல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று வெட்டிப் பார்ப்பதும் வழக்கம். பொடியின்மேல் 5 மி.மீ. படிந்திருக்கும். ஆனால் குச்சி அளவில் தரை 2 மி.மீ. மட்டுமே உயர்ந்திருக்கும். மீதி 3 மி.மீ. அமுங்கிப் போயிருக்கும். படிவதை மட்டும் அளந்துவிட்டுக் காடு தப்பிவிட்டது என்று நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோவோம்.

இனி கடலின் பக்கம். ஐபிசிசி எனப்படும் அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவின் ஆறாவது அறிக்கைப்படி, 1901 முதல் 1971 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 1.3 மி.மீ. என்ற வேகத்தில் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அந்த வேகம் 3.7 மி.மீ. ஆகிவிட்டது. 1901 முதல் 2018 வரை மொத்த உயர்வு சுமார் 20 செ.மீ. தான். காட்டைப் பொறுத்தவரை மொத்த உயரத்தைவிட இந்த வேகம்தான் முக்கியம். ட்வின் கேஸ் காடு 8,000 ஆண்டுகளில் பல மீட்டர் உயர்வைத் தாங்கியது, ஏனென்றால் அது மெதுவாக வந்தது.

எந்த வேகம் வரை தாங்கும்? இதற்குப் பதில் தேடிய ஆய்வுகளில் 2020-இல் வெளியான ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் நீல் செயின்டிலனும் அவருடைய குழுவினரும் உலகெங்கும் 78 இடங்களின் பழைய மண்படிவங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கடந்த பனியுகம் முடிந்து, பனிப்பாறைகள் உருகியபோது கடல் இன்றைவிட வேகமாக, ஆண்டுக்கு 10 மி.மீ.க்கும் மேல் ஏறிய காலம் உண்டு. அந்தக் காலப் படிவங்களில், ஒரே இடத்தில் நிலைத்து மண்ணை உயர்த்திய அலையாத்திக் காடு கிடைப்பது அரிது. பிறகு கடலின் வேகம் குறையக் குறைய, சுமார் 9,800 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முன்புவரையான காலத்தில் உலகமெங்கும் அந்தக் காடுகள் வேரூன்றத் தொடங்கின. நாம் இன்று பார்க்கும் பெரிய அலையாத்திக் காடுகள் கடல் நிதானப்பட்டபோது கிடைத்த கொடை. ஆண்டுக்குச் சுமார் 6 மி.மீ. என்ற வேகத்தைத் தாண்டினால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் போக மிக அதிக வாய்ப்பு உண்டு என்று அந்த ஆய்வு கணித்தது. பசுங்குடில் வாயுக்கள் இப்படியே கூடிக்கொண்டு போனால், வெப்பமண்டலக் கரைகளில் 2050 வாக்கிலேயே அந்த வேகம் வந்துவிடலாம். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த தொடர் ஆய்வு, 4 மி.மீ. வேகத்திலேயே பல இடங்களில் பற்றாக்குறை தொடங்கிவிடும் என்றது. 3.7 என்ற எண்ணை மேலே பார்த்தோம். இடைவெளி எவ்வளவு குறைவு என்று நீங்களே பாருங்கள்.

எல்லாக் காடும் ஒரே நாளில் தோற்கப்போவதில்லை. ஓத வீச்சு பெரிதாக உள்ள கரையில் காட்டுக்குக் கையிருப்பு உயரம் அதிகம். ஆற்று வண்டல் நிறைய வரும் கரையில் வரவும் அதிகம். வீச்சும் வண்டலும் குறைந்த கரைகளுக்குத்தான் முதல் அடி. இந்திய, பசிபிக் பெருங்கடல் கரைகளில் 27 இடங்களில் கம்பி அளவுகளைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 69 சதவீத இடங்களில் ஏற்கெனவே கடல்தான் முந்திக்கொண்டிருந்தது. வண்டலும் ஓத வீச்சும் குறைந்த இடங்கள் 2070 வாக்கிலேயே மூழ்கக்கூடும் என்பது அவர்களின் முடிவு. பெர்முடாவின் ஹங்ரி பே என்ற விரிகுடாவில் இது நடந்தே முடிந்திருக்கிறது. அங்கே பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உயர்ந்தது; கடலோ 2.8 மி.மீ. உயர்ந்துகொண்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்தக் காடு தன் பரப்பில் கால் பங்குக்கும் மேலாகக் கடல்பக்க விளிம்பிலிருந்து இழந்தது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, இந்தத் தோல்வி வெளியே தெரியப் பல காலம் ஆகும் என்பதுதான். வளர்ந்த மரத்துக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி உண்டு. நாற்றுக்குக் கிடையாது. அலையாத்தியின் பல வகைகளில் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முளைத்த காயாகத்தான் விழும். அது எங்காவது தங்கி வேர்பிடிக்க, ஓதம் வந்து புரட்டிப்போடாத சில நாட்கள் வேண்டும். தரை தாழ்ந்துபோன இடத்தில் அந்தச் சில நாட்கள் கிடைப்பதில்லை. மேலே இலைகள் பச்சையாக இருக்கும். கீழே அடுத்த தலைமுறை இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் பசுமை தெரிகிறது என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர்கள் சிவப்பு அலையாத்தி நாற்றுகளைக் கடல்மட்டம் 16 செ.மீ. உயர்ந்தது போன்ற நிலையில் இரண்டரை ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தபோது, முதலில் அவை மற்றவற்றைவிட வேகமாகவே வளர்ந்தன. முடிவில் 10 முதல் 20 சதவீதம் சிறுத்திருந்தன.

எப்போதாவது இந்த மெதுவான சரிவு திடீரெனக் கண்ணுக்குத் தெரியும். 2020-இல் மாலத்தீவின் சில தீவுகளில் அலையாத்தி மரங்கள் கூட்டமாகக் காய்ந்தன. 2017 முதல் 2020 வரை அந்தக் கடற்பகுதியில் நீர்மட்டம் ஆண்டுக்கு 30 மி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் ஏறியிருந்தது; 2019-இல் இந்தியப் பெருங்கடலில் ஏற்பட்ட வலுவான வெப்பநிலை ஊசலாட்டமும் சேர்ந்துகொண்டது. அந்த வேகத்துக்கு எந்தச் சேறும் ஈடுகொடுக்காது. இதற்கு நேர் எதிரான சம்பவம் 2015 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் நடந்தது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற நிகழ்வால் கடல்மட்டம் சில மாதங்கள் தாழ்ந்தது, மழையும் பொய்த்தது, வெயிலும் வாட்டியது. சுமார் 1,000 கி.மீ. நீளக் கரையில் 7,400 ஹெக்டேர் அளவுக்கு அலையாத்திகள் தாகத்தால் செத்தன. ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து.

இங்கே நிலவையும் சொல்ல வேண்டும். நிலவின் பாதைச் சாய்வு 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிச் சுழல்கிறது. அதற்கேற்ப ஓதத்தின் வீச்சும் கூடிக் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் அலையாத்திக் காடுகள் இந்தச் சுழற்சிக்கு இசைவாக அடர்ந்தும் மெலிந்தும் வருவதை 2022-இல் காட்டினார்கள். கார்பென்டேரியாவில் எல் நினோ வந்தபோது அந்தச் சுழற்சி தாழ்ந்த கட்டத்தில் இருந்தது. ஐந்தாறு ஆண்டு அளவுகளை வைத்து ஒரு காடு வளர்கிறது, தேய்கிறது என்று தீர்ப்புச் சொல்பவர்களிடம் இதனால்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முன்பு சொன்ன சுழற்சி எதிர்ப்பக்கம் சுற்றுவதற்கு ஹோண்டுராஸ் நாட்டின் குவானாஹா தீவு சாட்சி. 1998-இல் மிட்ச் சூறாவளி அங்கே அலையாத்திகளைக் கூண்டோடு சாய்த்தது. மரம் போனதும் வேர் வளர்வது நின்றது. இருந்த வேர் மக்கியது. பீட் உள்வாங்கத் தொடங்கி, தரை ஆண்டுக்குச் சுமார் 11 மி.மீ. வேகத்தில் இறங்கியது. ஒரு பக்கம் கடல் ஏறுகிறது, மறுபக்கம் தரை அதைவிட வேகமாகக் கீழே போகிறது. அப்புறம் அங்கே நாற்று எப்படி ஊன்றும்? ஃப்ளோரிடாவிலும் 2017-இல் இர்மா சூறாவளிக்குப் பிறகு சுமார் 10,760 ஹெக்டேர் அலையாத்திகள் மீளவில்லை. காற்றில் முறிந்தவை பல துளிர்த்தன; தாழ்வான இடங்களில் உப்புநீர் வடியாமல் தேங்கி நின்ற பகுதிகள்தான் செத்தன. தரை உயரம்தான் பிழைப்பைத் தீர்மானித்தது.

கார்பன் விஷயமும் இந்தச் சேற்றில்தான் அடங்கியிருக்கிறது. இந்திய, பசிபிக் கரைகளில் ஒரு ஹெக்டேர் அலையாத்திக் காடு சராசரியாக 1,000 டன்னுக்கும் மேல் கார்பனைத் தேக்கி வைத்திருப்பதாக 2011-இல் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. மண் சிதைந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்தது காற்றுக்கும் கடலுக்கும் போய்விடும்.

கன்று நடுவது நல்ல காரியம்தானே என்று கேட்கலாம். எங்கே நடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரும் செலவில் நட்டும், நீண்டகால அளவில் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான் என்று 2008-இல் வெளியான மதிப்பீடு சொன்னது. காரணம் எளிது. அலையாத்திக்கு உகந்த மேட்டு நிலம் இறால், மீன் குட்டைகளாக மாறிவிட்டது. உரிமைத் தகராறு வராத இடம் என்று தாழ்வான சேற்றுத்திட்டிலும் கடற்புல் பரப்பிலும் சுரபுன்னை வகைக் கன்றுகளை நட்டார்கள். இயற்கையில் அலையாத்தி வளராத உயரத்தில் நட்டால் அது எப்படி வளரும்? அமெரிக்காவின் அலையாத்தி மீட்பு வல்லுநர் ராய் ராபின் லூயிஸ் பல ஆண்டுகள் வலியுறுத்தியது, நீரோட்டத்தையும் தரை உயரத்தையும் முதலில் சரிசெய்யுங்கள் என்பதைத்தான். அவை சரியானால் முளைத்த காய்கள் தாமாகவே மிதந்து வரும். கடல் ஏறும் காலத்தில் இந்த அறிவுரைக்கு இன்னும் கனம் கூடுகிறது.

ஈடுகொடுக்க முடியாத காட்டுக்கு இன்னொரு வழி, நிலப்பக்கம் நகர்வது. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில் இது நடந்திருக்கிறது: அங்கே உப்பின் தாக்கம் தெரியும் எல்லை 1940-களுக்குப் பிறகு சராசரியாக ஒன்றரை கி.மீ. உள்நோக்கி நகர்ந்தது. இதுவும் இழப்பில்லாத நகர்வு இல்லை. அங்கிருந்த நன்னீர்ப் புல்வெளி பின்வாங்கியது. ஆனாலும் நகர இடம் இருந்தது. பெரும்பாலான கரைகளில் காட்டின் முதுகுக்குப் பின்னால் சாலையோ தடுப்புச் சுவரோ இறால் குட்டையின் கரையோ நிற்கிறது. முன்னால் கடல் தின்கிறது, பின்னால் சுவர் விடமாட்டேன் என்கிறது.

சுவரின் இன்னொரு விளைவைப் புரிந்துகொள்ள சுந்தரவனத்துக்குப் போக வேண்டும். வங்கதேசத்திலும் இந்தியாவிலுமாக சுமார் 10,000 சதுர கி.மீ. பரந்த காடு. இங்கே ஆபத்துகளுக்குக் குறைவில்லை. மேலே அணைகளும் தடுப்பணைகளும் வண்டலையும் நன்னீரையும் மறிக்கின்றன; 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் கோடையில் கங்கைநீர் குறைந்து, உப்பு கூடி, காட்டுக்குப் பெயர் தந்த சுந்தரி மரமே வாடுகிறது. டெல்டா நிலம் தன் எடையாலேயே அமிழவும் செய்கிறது. இவ்வளவுக்கும் நடுவில், இங்கே ஓதம் இன்னமும் நிறைய வண்டல் கொண்டுவருகிறது.

காட்டை ஒட்டி, ஆற்றுக்கு மறுகரையில், 1960-களில் வேளாண்மைக்காகச் சுற்றிலும் மண்கரை எழுப்பிய தீவுகள் இருக்கின்றன. ஓதம் உள்ளே வராமல் தடுத்தாயிற்று. அதோடு வண்டலும் நின்றுபோனது. அப்படி 32 என்ற எண் கொண்ட தீவை அளந்தவர்கள் 2015-இல் சொன்னது: கரைக்கு உள்ளே நிலம் பக்கத்துக் காட்டின் தரையைவிட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தாழ்ந்துகிடக்கிறது. கரை கட்டாத காடு ஓதத்தோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரே ஆறு, ஒரே கடல், ஒரே சேறு. 2009 மே மாதம் ஏலா புயலில் அந்தக் கரைகள் உடைந்தன. மக்களின் வீடும் வயலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உப்புநீரில் கிடந்தன. அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. உடைப்பு அடைபட்டு நீர் வடிந்தபின் அளந்து பார்த்தபோது, ஓதம் வந்துபோன இடங்களில் பல பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் புதுச் சேறு படிந்திருந்தது.